பீரோவுக்குள் ஒரு மாதிரி

நகராட்சி அலுவலக பீரோவுக்குள் ஒரு விளக்குமாறு இருந்தது. டெண்டர் போட்ட கடைக்காரர் மாதிரிக்கென்று கொடுத்தது. வந்து இறங்கும் சரக்கை அதோடு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது விதி. ஐந்நூறு விளக்குமாறுகள் வந்து இறங்கின. பீரோவை யாரும் திறக்கவில்லை.

பத்தாம் நாள், பாதி ஈர்க்கு உதிர்ந்த ஒன்று பீரோவின் கதவில் வந்து சாய்ந்தது.

"என்னண்ணே, உள்ள சௌக்கியமா? தெருக் கூட்டுற பவுனம்மாவால என்னை வச்சு ஒரு தெரு முடிக்க முடியல. குப்பையோட என் ஈர்க்கையும் சேர்த்துப் பொறுக்குது. முதுகு ஒடியுது அதுக்கு."

"நான் என்னடா தம்பி பண்ணுவேன்? பூட்டியில்ல வச்சிருக்காங்க."

"உங்க முகத்தைக் காட்டித்தானே எங்களை உள்ள விட்டாங்க!"



மறு வருஷம் பீரோ திறந்தது. பவுனம்மாவின் தெருவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மாதிரி விளக்குமாறு நினைத்தது. கிளார்க் அதை எடுத்து அதே கடைக்காரரிடம் நீட்டினார். அவர் தூசி தட்டி, புது டெண்டருக்கு மாதிரியென்று மேஜைமேல் வைத்தார்.

"நல்லாருக்கே" என்று அதிகாரி தடவிப் பார்த்தார்.

நாலு ஈர்க்காவது உதிர்த்துவிட வேண்டுமென்று அது முக்கிப் பார்த்தது. ஒன்றுகூட உதிரவில்லை. கட்டு அவ்வளவு நேர்த்தி.