நஸ்ஸரேனோ கொடுத்த புகார்

“புகாரா? என் கார் மேலயா?”

எர்சீலியா கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வீசினாள்.

“கோபப்படாதீங்க. போட்டியாளர் எழுதிக் கொடுத்துட்டா நாங்க பிரிச்சுப் பார்த்தே ஆகணும்” என்றார் பரிசோதகர் லொரெதானா.

“எழுதினது யாரு?”

லொரெதானா பக்கத்துக் கூடாரத்தைப் பார்த்தார். அங்கே நஸ்ஸரேனோ ரொட்டிக்குள் பன்றி வறுவலைத் திணித்துச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தார்.

வேறு யார்?

இந்த மலையேற்றக் கார்ப் பந்தயத்தில், அவர்கள் பிரிவுக் கோப்பையை ஒன்பது வருடமாக அவர்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். ஒன்பது வருடமாக எர்சீலியாவுக்கு இரண்டாம் இடம். இந்தத் தடவை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்கத் தன் சலவைக் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் காரோடு மல்லுக்கட்டினாள். என்ஜினை இறக்கிப் புதுப்பித்தாள். ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற அகல டயர் போட்டாள். அவள் விரலில் ஏறிய கிரீஸைப் பார்த்து, வெள்ளைத் துணி கொண்டுவந்தவர்கள், “உன் புருஷனை வாங்கச் சொல்லு” என்றார்கள்.

பட்ட பாடு வீண்போகவில்லை. காலை ஓட்டத்தில் நஸ்ஸரேனோவை அரை வினாடி முந்திவிட்டாள்.

மதியம் இன்னொரு ஓட்டம். இரண்டில் எது நல்ல நேரமோ அதுதான் கணக்கு. அந்தக் கிழவர் மதியம் அரை வினாடியை எட்டிப் பிடித்துவிட்டால்? அதனால் அவளும் ஓடியே ஆகவேண்டும். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

“என்ன பெரியவரே! ரோட்டுல முடியலைன்னு பேப்பர்ல முந்தறீங்களோ?” என்று கத்தினாள்.

“சாப்பிடும்போது கத்தாதேம்மா. செரிக்காது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “வெக்கங்கெட்ட மனுஷன்” என்று முணுமுணுத்தான் அவள் கணவன் உபால்டோ.

“புகார் என்ஜின் மேல இல்லை. முன் சக்கரத்தை மாட்டற ஹப் ரெண்டும் கம்பெனி சாமான் இல்லைன்னு எழுதியிருக்கார்” என்றார் லொரெதானா.

எர்சீலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஹப்பா? இந்தக் கார்ல நான் கை வைக்காத சாமான் அது ஒண்ணுதான்! இருபது வருஷமா அதேதான் சுத்துது. நீங்க என்ன பிரிக்கிறது? நானே பிரிச்சுக் காட்டறேன். உபால்டோ, ஜாக்கியை எடு!”

வலது சக்கரத்தைக் கழற்றினாள். கம்பெனி முத்திரை பளிச்சென்று தெரிந்தது. பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்கட்டும் என்று, “ஒண்ணு ஆச்சு!” என்றாள்.

இடது சக்கரத்தையும் கழற்றினாள். அழுக்கைத் துணியால் துடைத்தாள்.

துடைத்த கை அப்படியே நின்றது.

லொரெதானா டார்ச்சை அருகில் கொண்டுவந்தார். ஹப்பைச் சுற்றி, தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். பாதிக்கு மேல் ஓடியிருந்தது. புது என்ஜினின் வேகத்தையும் புது டயரின் பிடியையும் இருபது வருடத்து இரும்பு எத்தனை வளைவுக்குத் தாங்கும்?

உபால்டோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

“இதோட ஓட விட முடியாது. மாத்து ஹப் இருக்கா?” என்றார் லொரெதானா.

இல்லை. அந்த மைதானத்தில் அந்த மாடல் கார் அவளுடையது ஒன்றுதான்.

எர்சீலியா அழவில்லை. “அடுத்த வருஷம் ஹப்பையும் மாத்திட்டு வரேன்” என்று கையைத் துடைத்துக்கொண்டாள். நேராகப் பக்கத்துக் கூடாரத்துக்குப் போனாள்.

“விரிசல் இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“விரிசல்னு தெரியாது. காலைல எல்லாரும் மேலேர்ந்து வரிசையா இறங்கினோமே, உன் பின்னாடிதான் வந்தேன். சக்கரம் தள்ளாடிச்சு.”

“அதை வாயால சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? எதுக்குப் பொய்ப் புகார்?”

“சொன்னா நம்பியிருப்பியா?”



ஓட்டத்துக்கு முன்னால் பக்கத்துக் கூடாரத்துக்காரன் வந்து, “உன் டயர்ல காத்து கம்மியா இருக்கே” என்றால் யார் நம்புவார்கள்? ஆளின் கவனத்தைக் கலைத்துவிடச் சொல்கிற பேச்சு அது. அவளே அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஆனாலும் மனசு ஆறவில்லை.

“சரி. என் உயிரைக் காப்பாத்தினீங்க, நன்றி. அப்படியே உங்க கோப்பையையும் காப்பாத்திக்கிட்டீங்க. கெளம்புங்க, ஓட்டத்துக்கு நேரமாச்சு.”

நஸ்ஸரேனோ மிச்சமிருந்த ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

பின்னாலேயே வந்திருந்த லொரெதானாதான் தொண்டையைச் செருமினார்.

“அவர் மதியம் ஓடலைங்க. விலகறதா எழுதிக் கொடுத்துட்டார். உங்க காலை நேரம்தான் முதல்ல நிக்குது.”

“விலகிட்டாரா? எப்போ? விரிசலைப் பார்த்த பிறகா?”

“இல்லை. புகார்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி.”