நொண்டித் தறி

"தலைவராம், பெரிய தலைவரு! கதவைச் சாத்திகினு உள்ள குந்திகினு இருக்காரு!"

வேலு பொரிந்து தள்ளினான். கொரோனா ரெண்டாவது அலை. ஆரணியே அடங்கிக் கிடந்தது. தறிச் சத்தம் ஓயாத அந்தத் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. இந்த நேரம் பார்த்து, நெசவாளர் சங்கத் தலைவர் சுப்பராயலுவை நாலு நாளாய்க் காணவே காணோம்.

எதிர்வீட்டுக் கமலக்கண்ணன் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்ததும் நாலு நாள் முன்புதான். உடம்பைக்கூடக் கொடுக்கவில்லை. அவர் மனைவி ஜெயம் அதே காய்ச்சலோடு, நோய் வீடென்று முன்பக்கம் தகரம் அடித்த வீட்டுக்குள் கிடந்தாள். பிள்ளை குட்டி இல்லை. எங்கேயும் பெட் கிடைக்கவில்லை.

"பாவம், அண்ணி இன்னா ஆனாங்களோ! ஓட்டு கேக்க மட்டும் வூடு வூடா வந்தாரே, இப்ப ஒரு எட்டு போய் பாக்க வேணாம்?"

"நீங்க போய் பாத்தீங்களா?" என்றாள் அவன் மனைவி பரிமளா.

வேலு மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டான்.

அப்போதுதான் அது கேட்டது.

டக். டக். டக்... டக்.

பகல் பதினோரு மணி. சுள்ளென்று வெயில். எதிர்வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

பரிமளா கையிலிருந்த சொம்பு நழுவியது. "இன்னாங்க... இது அவரு கையாச்சே!"

சத்தத்தை வைத்தே யார் நெய்கிறார் என்று சொல்லிவிடும் தெரு அது. மூணு அடி, ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரு அடி. கமலக்கண்ணனுக்கு இடது முட்டி சரியாக மடங்காது. மிதியை மாற்றி மிதிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ஊரில் வேறு எந்தத் தறியும் அப்படி நொண்டாது.

படபடவென்று ஜன்னல்கள் மூடின.

"பாதிச் சேலையில போனாரே, முடிக்க வந்துட்டாரு!" கோடிவீட்டுக் காத்தாயி ஜன்னல் வழியே வேலுவிடம் சொன்னாள். "தெருவுக்கே ஆவாது. ஜல்தியா தலைவரைக் கூப்புடு!"

வேலு தலைவர் வீட்டுக்கு ஓடினான். தலைவர் மனைவி கிருஷ்ணம்மாள், கையிலிருந்த கஞ்சித் தூக்கை முந்தானையில் மறைத்தாள்.

"அவரு வரமாட்டாருப்பா."

"செத்தவரு தறி நெய்யறாரும்மா! இவரு தலைவரு இல்ல?"

"அவரால வர முடியாது. நீ போ." அவள் கதவைப் பாதி சாத்தினாள்.

"உசுரு மேல அவ்ளோ ஆசையா? நல்லா இருக்கட்டும்!"

கோபத்தில் பயம்கூட மறந்துவிட்டது. சந்து வழியாகப் போய், ஜெயம் வீட்டுப் பின்ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

தறிக்குழியில் ஒரு முதுகு. தோளில் கமலக்கண்ணனின் அதே நீலக் கட்டம் போட்ட துண்டு.

உள்ளறையிலிருந்து ஜெயத்தின் குரல், மூச்சு வாங்கி வாங்கி வந்தது.

"ஏங்க... உங்களை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க, ஆனா பேசக்கூடாது, கிட்ட வரக்கூடாதுன்னு தலைவரு போன்ல சொன்னாரு. நாலு நாளா கஞ்சிய வாசப்படியில வச்சிட்டுப் போறீங்க, மூஞ்சியே காட்டல. நீங்கதானான்னு சந்தேகமாவே இருந்துச்சு. தறிச் சத்தம் கேட்டப்புறம்தான் உசுரு வந்துச்சு. நீங்க சாப்டீங்களா?"

டக். ஒரே ஓர் அடி.

"சரி சரி. அடிச்சிகினே இருங்க. அது கேக்கறதாலதான் நானும் மூச்சு வுடறேன்."

நெற்றியைத் துடைக்க அந்த உருவம் திரும்பியது. ரெட்டை மாஸ்க்குக்கு மேலே சுப்பராயலுவின் கண்கள். வேலுவைப் பார்த்து, பேசாதே என்று விரலை வாயருகே வைத்தார். பிறகு, நல்லாயிருந்த தன் இடது காலை வேண்டுமென்றே தாமதித்து மிதித்தார்.

டக். டக். டக்... டக்.

வேலு வாசல் பக்கம் வந்தான். தெருவே மறுபடி ஜன்னல்களைத் திறந்து, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. எவராவது வாய்தவறி 'செத்தவரு' என்று கத்தினால் போதும், உள்ளே இன்னோர் உயிரும் போய்விடும்.

"யாருப்பா உள்ள?" என்றாள் காத்தாயி.

வேலு ஜெயத்தின் வாசற்படியில் சட்டமாக உட்கார்ந்தான். உள்ளறை வரை கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"நம்ம கமலக்கண்ணன் அண்ணன்தான்!"