எலுமிச்சைத் தண்ணீர்

எறும்புச் சாரையைப் பார்த்ததுமே கட்டுமரத்தைத் தள்ளிய கைகள் அப்படியே நின்றன.

பசியாவரம் தீவுக்காரர்களுக்கு வேறு சோதிடம் வேண்டாம். எறும்பு முட்டை தூக்கினால் மழை. அன்றைக்குக் கடலேறுகிறவன் புத்தி கெட்டவன்.

அக்கரையில் கோட்டை மேல் ஒல்லாந்தர் கொடி அசையாமல் தொங்கியது.

வரதன் மட்டும் சிரித்தான். எறும்புக்கெல்லாம் பயந்தால் அடுப்பில் எதைப் போடுவது என்றான். கூட வந்த இருவரும் மரத்தைத் தொடவில்லை. போன ஐப்பசியில் இதே வீறாப்போடு போன சடையன் இன்னும் திரும்பவில்லை.

வரதனின் பெண்டாட்டி குப்பம்மா அவனுக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். சொன்னால் கேட்கிற ஆளா அவன்? கையில் செம்போடு எறும்புகளின் பின்னாலேயே குனிந்து போனாள். ஒரு முட்டை கண்ணில் பட்டால் போதும், காலைக் கட்டிக்கொண்டாவது அவனை நிறுத்திவிடலாம்.

ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று நிமிரப் போனவள் சாரை முடிகிற இடத்தைப் பார்த்தாள்.

தாழம்புதர் ஓரம். சற்று முன் வரதன் ஒதுங்கிய இடம். ஈரமணல் முழுக்க எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அவளைப் பெற்ற நைனாவின் மூத்திரத்திலும் இப்படித்தான் மொய்த்தது. உடம்பில் இனிப்பு ஏறிவிட்டது, இனி நாக்கில் இனிப்பே படக்கூடாது என்றார் காட்டூர் வைத்தியர். நைனா கேட்கவில்லை. கால் அழுகித்தான் செத்தார்.

வரதனின் அடங்காத தாகம், எலும்பு தெரியும் தோள், எல்லாம் துடுப்புப் போடுகிற அலுப்பு என்றல்லவா இருந்தாள் பாவி மகள்!

"இன்னாமே, முட்ட கீதா?" மரத்தருகிலிருந்து வரதன் கத்தினான்.

இல்லை என்று தலையாட்டினாள். ஆட்களுக்கு உயிர் வந்தது. மரம் தண்ணீரில் இறங்கியது. வரதன் ஓடிவந்து செம்புக்குக் கை நீட்டினான்.

"தொண்ட வறண்டுபோச்சு. குடு."

குப்பம்மா செம்பை அப்படியே மணலில் கவிழ்த்தாள்.

மரம் இறங்குகிற நேரத்தில் செம்பைக் கவிழ்ப்பாளா ஒருத்தி? நீ பெண்டாட்டியா பேயா என்று வாய்க்கு வந்தபடி ஏசினான்.

எலுமிச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சீனிதான் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். கோட்டைச் சமையற்கட்டில் இறாலைக் கொடுத்துவிட்டு, மடி நிறைய ஒல்லாந்தர் சீனி வாங்கி வந்ததைச் சொல்லவில்லை. புளிப்பு தூக்கலாக இருந்ததால் அவன் நாக்கும் கண்டுபிடிக்கவில்லை.

பிடி பிடியாக அள்ளிப் போட்டாள். தெம்பு வரட்டும் என்று, அவன் இளைக்க இளைக்க ஒவ்வொரு பிடியாகக் கூட்டிக்கொண்டே வந்தாள்.