அடைச்சிட்டுத் தொறங்க

சிம்பாங் பூலாய் சுண்ணாம்பு மலைக்கு மேலே ஏறிவிட்ட வெயில், ஜன்னல் வழியே நுழைந்து மடிக்கணினித் திரையை வெளிறச் செய்கிறது. வெளியே கல் லாரி போகும்போதெல்லாம் மேசைமேல் ஆறிப்போன தேநீர் நடுங்குகிறது. அலுவலக வலைக்குள் நுழையவிடும் விபிஎன் இணையவில்லை என்ற அதே சிவப்பு வரியை முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள் புஷ்பலீலா. இன்னும் சற்று நேரத்தில் இணையவழிக் கூட்டம். இன்றைக்கும் வராவிட்டால் வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், கோலாலம்பூருக்கே வந்துவிடு என்று மேலாளர் சொல்லிவிட்டார். "விபிஎன்ன அடைச்சிட்டுத் தொறங்க அக்கா," என்று கைப்பேசி ஒலிபெருக்கியில் அலறுகிறான் அலுவலகக் கணினிப் பிரிவின் தனபாலன். "எத்தன வாட்டிதான் தம்பி அடைக்கிறது? வெரலே தேஞ்சு போச்சுலா!" என்றபடி திரையின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை மறுபடியும் குத்துகிறாள். "கீழ, மணி காட்டுற எடத்துக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருக்கா?" "இருக்கு." "அப்போ நீங்க திரையில உள்ள ஜன்னலத்தான் அடைச்சீங்க. உள்ள அது ஓடிக்கிட்டே இருக்கு. முழுசா அடைங்க அக்கா, முழுசா!" பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டின் மேல் மௌஸின் வலது பொத்தானை அமுக்கி, அதை அடியோடு நிறுத்திவிட்டு, மறுபடி திறக்கிறாள். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பச்சையாகிறது. வந்திருச்சு என்று அவள் வாயெடுப்பதற்குள் பச்சை மறைந்து சிவப்பு வரி மீண்டும் முளைக்கிறது. விளக்கையும் விசிறியையும் நிறுத்துவதைக்கூட 'அடைப்பது' என்றே சொல்லிப் பழகிய அவள் கணவன் மகேந்திரனின் குரல், கூடத்திலிருந்து வெகு அக்கறையாக வருகிறது: "லீலா, முழுசா அடைக்கச் சொன்னாருல்ல, இன்டர்நெட் மோடத்த அடைச்சிட்டேன். தொறக்கவா?"