இன்னொரு தோள்

"பனி விலகுறதுக்குள்ள போய் வெட்டிட்டு வந்துடு. எதிரி கையில சிக்குச்சுன்னா, நாம இங்க வந்திருக்கிற ரகசியம் அம்பேல்!" என்றார் சார்ஜென்ட் ஹார்ட்விக்.

வெட்ட வேண்டியது ருப்ரெக்ட்டின் சீருடைத் தோள்பட்டிகளை. படைப்பிரிவின் எண் அவற்றில்தான் தைக்கப்பட்டிருந்தது. புதிய போர்முனைக்குக் கிளம்பும்போதே அந்த ஜெர்மன் ரிசர்வ் டிவிஷனில் எல்லோரும் பட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். ருப்ரெக்ட் மட்டும் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்றான். இப்போது முள்கம்பிக்கு அந்தப் பக்கம் செத்துக் கிடந்தான்.

"ஊர்ல தையல்காரன்தானே நீ? கத்தரி பிடிக்கச் சொல்லியா தரணும்? ஓடு!"

எவால்ட் சேற்றில் தவழ்ந்து போனான். ருப்ரெக்ட்டின் கல்யாணக் கோட்டைத் தைத்தவனே அவன்தான். முகத்தைப் பார்க்காமல் வலது தோளில் கத்தரியை வைத்தான். பட்டி கையோடு வந்தது. இடது தோள் சேற்றில் புதைந்திருந்தது. புரட்டிவிடலாம் என்று கையை நீட்டினான்.

அதற்குள் ருப்ரெக்ட், தையல் கடையில் அளவு கொடுப்பவனைப் போல, தானாகவே மெல்லத் திரும்பி இடது தோளைக் காட்டினான்.

எவால்ட் அதையும் வெட்டிக்கொண்டு ஓடிவந்து பதுங்குகுழிக்குள் விழுந்தான்.

"சபாஷ்! ரெண்டும் வந்தாச்சு. தலையைக் குனிடா, பனி விலகுது."

எவால்ட் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி மண்சுவரில் காலை வைத்தான்.

"எங்கடா போறே? அதான் வேலை முடிஞ்சுதே!"

"அவன் தோளைக் காட்டினான் சார். தூக்கிட்டு வந்துடறேன்."

முள்கம்பியில் வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது.