இடது கால்

எங்கள் தொழிற்சாலையில் இடது கால் ஷூ மட்டும்தான் தைக்கிறோம். வலது காலை இதே கம்பெனி கடலுக்கு அந்தப்பக்கம் தைக்கிறது. எது எங்கே மலிவோ அதன்படி தனக்குத்தானே விற்று, தனக்குத்தானே வாங்கி, மூன்றாவது நாடு ஒன்றில் ஜோடி சேர்க்கிறது. பன்னிரண்டு வருடத்தில் வலது கால் ஷூவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பூங்காவனம் அக்காவுக்குக் குதிகால் வளைவில் ஏழாவது தையல் எப்போதும் கொஞ்சம் சாயும். "இன்னொரு வாட்டி சாஞ்சா நாளைலேர்ந்து வரவேணாம்க்கா" என்று சூப்பர்வைசர் பெஞ்சமின் சொல்லியிருந்தார். நேற்று அவளுக்குக் காட்டுவதற்காகவே ஒரு வலது கால் ஷூவை வரவழைத்துவிட்டார். எங்களைச் சுற்றி நிற்கவைத்து, "அவங்க எப்படித் தைக்கிறாங்கன்னு பாருங்க" என்று அதை அக்கா தைத்த ஷூவுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

குதிகால் வளைவில் அதிலும் ஏழாவது தையல் சாய்ந்திருந்தது. அதே அளவு, எதிர்ப்பக்கமாக.

பெஞ்சமின் விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "அங்க இருக்கறது யாரு, அக்கா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அக்கா இரண்டு ஷூக்களையும் வாங்கித் தரையில் ஜோடியாக வைத்தாள். யாரோ வந்து எங்கள் நடுவில் நிற்பதுபோல் இருந்தது. நாங்கள் கொஞ்சம் விலகி வழிவிட்டோம்.