பெட்டியில் விழாத சீட்டு

1808 அக்டோபர் மாதத்துக் காலை வெயில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துச் சத்திரமொன்றின் சன்னல் வழியே வாக்குப்பெட்டியின் மீது விழுகிறது. இருபது ஆண்டுகளாகத் தேர்தல் தவறாமல் வாக்களித்து வரும் விதவை கெசியா, மடித்த சீட்டை நீட்டியபடி நிற்கிறாள். தேர்தல் பொறுப்பிலிருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரன் ஓபதியா அதை வாங்காமல், பெட்டியின் வாயை உள்ளங்கையால் மூடுகிறான். “இனிமே பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடையாதுக்கா. போன நவம்பர்லயே சட்டம் போட்டாச்சு.” கெசியா சீட்டை இன்னும் முன்னே நீட்டுகிறாள். “வரிப் பட்டியல்ல என் பேரு இருக்கா, இல்லியா?” “அதுல இருக்கு.” வரிசையில் எவனோ, “பெரியம்மா, அடுப்புல ரொட்டி கருகுது, ஓடுங்க!” என்கிறான், சிரிப்பு கூரை வரை எழும்புகிறது. ஆளப்படுவோரின் சம்மதமே அரசின் அதிகாரம் என்று சுதந்திரப் பிரகடனத்தை இதே அறையில் உரக்கப் படிக்கக் கேட்டவள் அவள். அந்த வாக்கியத்துக்காக நடந்த போருக்குக் கணவனை அனுப்பி, அவனுடைய கம்பளிக் கோட்டு மட்டும் திரும்பி வரக் கண்டவள். “யாரு போட்ட சட்டம்?” “நம்ம சட்டசபைதான்.” அவள் பார்வை கணப்படுப்பருகே நிற்கும் லெமுவலிடம் செல்கிறது. சென்ற தேர்தலில் அவள் வாக்களித்துச் சட்டசபைக்கு அனுப்பியவன். “லெமுவல், நீ இந்தச் சட்டம் கூடாதுன்னுதானேப்பா கை தூக்கின?” அவன் தொப்பியின் விளிம்பை விரல்களால் சுற்றிக்கொண்டே இருக்கிறான். கெசியாவின் கை இறங்க மறந்து அப்படியே நிற்கிறது. அதிலுள்ள சீட்டில், இன்று காலை அவளே எழுதிய லெமுவலின் பெயர்.